எல்லைப்புறக் கல்லூரியில் எழுத்து வகுப்பு எடுப்பது எப்படி: புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத வராது என்று ஆசிரியர் அறைகளில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பஞ்சாயத்து அலுவலகத்துக்கு மலையாளத்தில் மனு எழுதுகிறார்கள், பொள்ளாச்சி மாமனுக்குத் தமிழில் வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள், பேங்க் ஃபாரத்தை ஆங்கிலத்தில் நிரப்புகிறார்கள். பன்னிரண்டு வருடப் படிப்பில் அவர்களுக்குக் கிடைக்காதது ஒன்றுதான்: எழுதியதை ஒருவர் நிஜமாகவே படித்து, “இந்த இடம் எனக்குப் புரியல, இன்னொரு தரம் எழுதிக் கொண்டா” என்று சொல்வது. பள்ளியில் கட்டுரை ஒரே தடவைதான் எழுதப்படும். மதிப்பெண் விழுந்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் நடுவே ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றியது. எம்.ஏ. முடித்துவிட்டு கெஸ்ட் லெக்சரராகப் போகிறவர்கள், ‘இரண்டாம் மொழி தமிழ்’ என்று எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே அறையில் அடைத்த வகுப்பைக் கையில் வாங்கியவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேலைக்குத் தேவையான தகுதி, சான்றிதழ், ‘உங்கள் கற்பிக்கும் முறை என்ன’ என்று கேட்டால் என்ன எழுதுவது என்பதெல்லாம் கடைசியில் வரும். அது மட்டும் வேண்டும் என்பவர்கள் நேரே அங்கே போகலாம்.

முதல் வாரம்: பாடம் எடுக்காமல் விசாரியுங்கள்

சித்தூர் ஒருபோதும் சென்னை மாகாணத்து மலபாரில் இருந்ததில்லை. அது கொச்சி சமஸ்தானத்துப் பகுதி. பாலக்காடு தாலுக்காதான் மலபார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘எல்லைப்புறத் தமிழர்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது எல்லோருக்கும் ஒரே வரலாறு, ஒரே தமிழ் என்று நினைத்துவிடுகிறோம். வகுப்பில் அப்படி இருக்காது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவர் ஒரு பெஞ்சில் இருப்பார். பக்கத்தில் வீட்டில் தமிழ், பள்ளியில் முழுக்க மலையாளம் என்று வந்தவர். அவருக்குப் பின்னால், ஆங்கில மீடியத்தில் படித்து, தமிழைச் சரளமாகப் பேசி, எழுத்துக் கூட்டிப் படிப்பவர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் இந்தத் தாலுக்காவில் உண்டு.

எனவே முதல் அவரில் (பீரியடில்) ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். மேலே நான்கு கேள்விகள் போதும்: வீட்டில் என்ன மொழி, எந்த மீடியத்தில் படித்தீர்கள், ஃபோனில் தமிழை எந்த எழுத்தில் அடிக்கிறீர்கள், கடைசியாக யாருக்காக, எதற்காக ஏதாவது எழுதினீர்கள். நான்காவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் பொக்கிஷம். பால் சொசைட்டிக்குக் கணக்கு எழுதுகிற பெண் இருப்பாள், கோயில் கமிட்டிக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்த பையன் இருப்பான். தாளின் கீழ்ப்பாதியில், ‘இன்று காலை வீட்டிலிருந்து கல்லூரி வந்து சேர்ந்தது வரை’ எழுதச் சொல்லுங்கள். இருபது நிமிடம். இதற்கு மதிப்பெண் கிடையாது, பிழை திருத்தமும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தத் தாள்களை வருடக் கடைசி வரை பத்திரமாக வைத்திருங்கள்.

படிக்கும்போது சிவப்பு மை வேண்டாம். பிழையை எண்ணாதீர்கள். யார் எத்தனை வரி எழுதியிருக்கிறார், எந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, யாருடைய தாளில் ஓர் ஆளோ பொருளோ கண்ணுக்குத் தெரிகிறது என்று மட்டும் பாருங்கள்.

தலைப்பு கொடுக்காதீர்கள், படிக்கப்போகும் ஆளைக் கொடுங்கள்

‘நீரின் முக்கியத்துவம்’ என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். குறிப்புச்சட்டம், முன்னுரை, இரண்டு உட்தலைப்பு, முடிவுரை. ‘இன்றைய அறிவியல் யுகத்தில்’ தொடங்கி ‘என்றால் அது மிகையாகாது’ வரை போய், ‘நாமும் பாடுபடுவோமாக’ என்று முடியும். மாணவர் மேல் குற்றமில்லை. பத்து வருடமாக அந்தச் சட்டகத்துக்குத்தான் மதிப்பெண் கிடைத்திருக்கிறது. நல்ல மாணவர்கள்தான் இதில் அதிகம் சிக்கியிருப்பார்கள் என்பது இன்னும் கொடுமை.

இதை உடைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஒவ்வொரு பயிற்சியிலும் ‘இதை யார் படிக்கப் போகிறார், படித்துவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும்’ என்று சேர்த்தே கொடுப்பது. நீர்ப்பாசன அலுவலகத்து இன்ஜினீயர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. உங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று அவருக்கு ஒரு பக்கத்தில் விளக்குங்கள். கோயம்புத்தூரில் வளர்ந்த சித்தப்பா மகன், கள் எப்படி இறக்குகிறார்கள் என்று கேட்கிறான். பாளை கட்டுவதிலிருந்து அவனுக்குச் சொல்லுங்கள். கேரள மாநிலக் கள்ளுக்கடைகளுக்குச் சரக்கு பெருமளவில் போவது சித்தூர்த் தென்னந்தோப்புகளிலிருந்துதான். வகுப்பில் இரண்டு பேர் வீட்டிலாவது அந்தத் தொழில் இருக்கும். வீட்டுத் தொழிலை எழுதும்போது பையன்களின் வாக்கியம் நீளுவதைப் பார்த்தால் உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும், ஏனென்றால் அங்கே அவன் சொல்ல வேண்டியது உங்களுக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும்.

செய்முறை விளக்கம், மனு, இரண்டு ஆட்களின் பேச்சைக் கேட்டு எழுதும் குறிப்பு, ஒரு பிரச்சினையில் இரு தரப்பையும் சொல்லித் தன் முடிவைச் சொல்வது. ஒரு செமஸ்டருக்கு இந்த நான்கு வகை போதும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை எழுதப் போகிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

நடுவில் உள்ள வேலை

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரண்டாம் வருடத்து மாணவி ஒருத்தி கொண்டுவந்த முதல் வரைவின் தொடக்கம் இது:

“நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். நீர் மனிதனின் வாழ்வாதாரம் ஆகும். எங்கள் பகுதி விவசாயிகள் போதிய நீர் இன்றிப் பல்வேறு இன்னல்களுக்கு ஆளாகின்றனர். இதற்கு அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.”

(குறளில் இருப்பது ‘நீரின்று அமையாது உலகெனின்’. மேற்கோளையே எங்கோ கேட்டபடி எழுதுவதும் இந்தச் சட்டகத்தின் ஒரு பகுதிதான்.)

இந்த நான்கு வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்பு மை ஆசிரியர் இதற்கு ‘நன்று’ போட்டு அனுப்பிவிடுவார். நான் மூன்றாவது வாக்கியத்தின் கீழ் ஒரு கோடு போட்டு, அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இன்னல்னா என்னம்மா? உங்க தோட்டத்துக்குக் கடைசியா எப்பத் தண்ணி வந்துச்சு?”

“தை மாசமுங்க சார். நடுராத்திரி.”

“யாரு போனீங்க மடைக்கு?”

“அப்பா போனாருங்க. நான் டார்ச் புடிச்சேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரு மடைய அடைக்காமத் தூங்கிட்டாருங்க.”

“இத ஏன் எழுதல?”

“அதெல்லாம் கட்டுரைல வருமுங்களா சார்?”

அடுத்த வாரம் வந்த வரைவு இப்படித் தொடங்கியது:

“எங்கள் முறைத் தண்ணீர் வரும் நேரம் இரவு ஒன்றரை மணி. அப்பா மண்வெட்டியோடு முன்னால் போனார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. மேல் தோட்டத்துக்காரர் அவர் மடையை அடைக்காமல் தூங்கிவிட்டார். எழுப்பினால் சண்டை வரும். எழுப்பாவிட்டால் எங்கள் தென்னைக்குத் தண்ணீர் இல்லை. அப்பா எழுப்பவில்லை. அவரே குனிந்து அந்த மடையை அடைத்தார்.”

இதில் பிழைகள் இருந்தன, நான் இங்கே திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இது எழுத்து. மூன்றாம் வரைவுக்கு நான் கேட்டது வேறு வகைக் கேள்வி: “இன்ஜினீயருக்கு உன் அப்பாவைத் தெரியாது. இதைப் படித்துவிட்டு அவர் எதை மாற்ற வேண்டும் என்கிறாய்?” அப்போதுதான் கடைமடைத் தோட்டங்களுக்கு இரவு முறையே ஏன் மறுபடி மறுபடி விழுகிறது என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். முறைப் பட்டியலைப் போய் வாங்கிப் பார்த்தாள். மனு அங்கே பிறந்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதல் வரைவில் ‘என்ன நடந்தது, எனக்குக் காட்டு’ என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டாவதில் ‘இதனால் என்ன, யாருக்கு’. சந்திப் பிழை, ஒருமை பன்மை, நிறுத்தற்குறி எல்லாம் மூன்றாவதில். முதல் வரைவிலேயே ஒற்றுப் பிழையைச் சுழித்தால் பிள்ளை ஒற்றைத் திருத்திவிட்டு அதே காலி வாக்கியங்களைத் திரும்பக் கொண்டுவரும். தூக்கிப் போட வேண்டிய வாக்கியத்துக்கு ‘க்’ சேர்த்து என்ன பயன்?

கேள்வியை எழுதும்போதும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒரு தாளுக்கு இரண்டு கேள்விக்கு மேல் போகாதீர்கள். ‘இன்னும் விரிவாக எழுதவும்’, ‘தெளிவில்லை’ போன்ற குறிப்புகளால் யாரும் எதையும் கற்றதில்லை. ‘மடை’ என்ற சொல்லுக்கு அருகே ‘எவ்வளவு அகலம்? எதை வைத்து அடைத்தார்?’ என்று எழுதினால் அவளுக்கு எங்கே திரும்பிப் பார்ப்பது என்று தெரியும்.

நேரக் கணக்கு

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பீர்கள். வகுப்பில் நாற்பது பேர். ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் என்றால் நான்கு மணி நேரம். முழுப் பிழைதிருத்தம் செய்தால் ஒரு தாளுக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும், பத்து மணி நேரம். ஆக, இரண்டு கேள்வியோடு நிறுத்தும் முறை முழுத் திருத்தத்தைவிட மலிவு. நேரில் பேச ஆளுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக மேஜைக்குக் கூப்பிட்டால் ஒரு அவரில் எட்டு ஒன்பது பேரை முடிக்கலாம். தனி நேரம் தேட வேண்டாம். பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைகளைச் சாயங்காலம் நிறுத்தி வைக்காதீர்கள். கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு பஸ் போனால் போனதுதான்.

மாணவர்களே ஒருவர் தாளை ஒருவர் படிப்பதும் உதவும், ஆனால் ‘நல்லா இருக்கு’ என்பதைத் தாண்ட மாட்டார்கள். ஆகவே ஒரே வேலை கொடுங்கள்: நண்பர் எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், எழுதியவர் கேட்க வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. விமர்சனம் தேவையில்லை. தன் வாக்கியத்தை இன்னொருவர் வாயில் கேட்கும்போதே பாதித் திருத்தம் நடந்துவிடும்.

பிழைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

மூன்றாம் வரைவுக்கு வந்துவிட்டோம், இனி பிழை பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு எழுத்துப் பயிற்சி தனிப் பாடமாக நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஹார்வர்டில் 1885இலேயே அப்படி ஒரு வகுப்பு வந்துவிட்டது. 1970இல் நியூயார்க் சிட்டி காலேஜ் கதவைத் திறந்துவிட்டு, ஏழை, புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளை எல்லாம் சேர்த்தபோது, ‘இவர்களுக்கு எழுதவே வராது’ என்ற அதே பேச்சு அங்கும் எழுந்தது. அங்கே கற்பித்த மைனா ஷாக்னெஸி என்பவர் ஏறக்குறைய 4000 நுழைவுத் தாள்களை உட்கார்ந்து படித்து, பிழைகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது என்று 1977இல் எழுதினார். நம் பக்கத்துத் தாள்களுக்கும் அது அப்படியே பொருந்தும். நான் பார்க்கும் பிழைகள் மூன்று இடத்திலிருந்து வருகின்றன.

முதலாவது மலையாளம். மலையாள வினைமுற்றுக்கு எண், இட, பால் விகுதி கிடையாது. ஞான் வந்நு, நீ வந்நு, அவர் வந்நு, எல்லாம் ஒன்றே. தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த ஆறு வழிகளை ஏ.ஆர். ராஜராஜவர்மா தமது ‘கேரளபாணினீய’த்தில் பட்டியலிட்டபோது இந்த விகுதி இழப்பையும் ஒன்றாகச் சேர்த்தார். மலையாள மீடியத்துப் பிள்ளை ‘மாமாவும் அத்தையும் நேற்று வந்தது’ என்று எழுதினால் அதற்குப் பின்னால் ஒரு முழு மொழியின் இலக்கணம் நிற்கிறது. அதைச் சொல்லிக் கொடுங்கள், கேலி செய்யாதீர்கள். எழுத்திலும் உண்டு: ந, ன இரண்டுக்கும் மலையாளத்தில் ஒரே எழுத்துதான், ஆகவே அங்கே குழப்பம் வரும். ஆனால் ர, ற வேறுபாட்டை மலையாளம் பேச்சிலும் விடாமல் வைத்திருக்கிறது, ழகரத்தையும் அப்படியே. நம் பேச்சில் ர, ற இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஆகவே ‘கரி’யா ‘கறி’யா என்ற இடத்தில், மலையாளம் படித்த பிள்ளை தமிழ் மீடியத்துப் பிள்ளையைவிடச் சரியாக எழுதுவதைப் பார்ப்பீர்கள். அதை வகுப்பில் உரக்கச் சொல்லுங்கள். ‘மலையாளத்தால் தமிழ் கெட்டது’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது தேவை.

சில சொற்கள் இரு மொழியிலும் ஒரே முகத்தோடு வேறு பொருளில் திரியும். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். வகுப்புச் சுவரில் ஒரு தாள் ஒட்டிவைத்து, கண்டுபிடிக்கும்போதெல்லாம் அவர்களையே எழுதச் சொன்னால் போதும். தனிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது குவியல் பேச்சுவழக்கு. கொங்குத் தமிழில் யோசித்து எழுதும்போது ‘போகோணும்’, ‘வந்துட்டுருந்தோம்’ என்று வரும். இதைப் பிழை என்றே நான் சொல்வதில்லை. முதல் வரைவை அப்படியே பேச்சில் எழுதலாம் என்கிறேன். மூன்றாம் வரைவில், படிப்பவர் அலுவலர் என்றால் மாற்ற வேண்டும். ஓர் ஆள் பேசுவதைக் காட்டும் இடம் என்றால் வைத்துக்கொள்ளலாம். எங்கே எது என்று தீர்மானிப்பதே பயிற்சி.

மூன்றாவது குவியல் பாடநூலும் கைடும் கொடுத்தது, இதற்குத்தான் நான் கடுமையாக இருப்பேன். ‘ஆகும்’, ‘உள்ளது’, ‘செய்யப்பட்டு வருகின்றது’, ‘பல்வேறு’, ‘தக்க’. ‘என் அப்பா விவசாயி ஆகும்’ என்ற வாக்கியத்தைக் கண்டு ‘ஆகும்’ போல வாக்கியத்தை முடிக்கும் மலையாள ‘ஆணு’தான் காரணம் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ‘நீர் வாழ்வாதாரம் ஆகும்’ என்று எழுதக் கற்றுக்கொடுத்தது மலையாளம் இல்லை, நாம்தான்.

ஒரு மாணவரிடம் ஒரு தடவைக்கு இரண்டு வகைப் பிழைக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் பத்தியில் நீங்கள் காட்டுங்கள், மீதிப் பத்திகளில் அதே வகையை அவரே தேடட்டும். ஒற்று மிகும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நடத்த ஆசைப்படுவோம். இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும் என்ற இரண்டை மட்டும் பழக்கினாலே தாளின் தோற்றம் மாறிவிடும்.

செய்தியைத் தேடி எழுதும் பயிற்சி

எல்லையில் இருப்பதன் பெரிய வசதி இங்கே இருக்கிறது. இரு மாநிலமும் ஆற்று நீரைப் பங்கிடும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தர வேண்டும், 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும். தண்ணீர் குறையும் மாதத்தில் ஒரு கோவைப் பதிப்புத் தமிழ்த் தினசரியையும் ஒரு பாலக்காட்டுப் பதிப்பு மலையாளத் தினசரியையும் மேஜையில் விரித்து வையுங்கள். ஒரே தண்ணீரைப் பற்றிய இரண்டு செய்திகள். எந்த எண் இரண்டிலும் இருக்கிறது, எது ஒன்றில் மட்டும் இருக்கிறது, யாருடைய பேச்சு மேற்கோளாக வந்திருக்கிறது? சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள மாணவரில் பலரால் முடியாத வேலையை நம் பிள்ளைகள் ஒரு அவரில் செய்துவிடுவார்கள்.

கோகோ கோலா ஆலைக்கு எதிராக ஊரார் போராடிய பிளாச்சிமடையும் இதே தாலுக்காதான். வருடந்தோறும் யாராவது அதைத் தேர்ந்தெடுப்பார்கள்; ‘பல ஆண்டுகளுக்கு முன் ஒரு போராட்டம் நடந்தது’ என்று தொடங்குவார்கள். எப்போது என்று கேளுங்கள். 2002 ஏப்ரலில் தொடங்கியது, ஆலை 2004 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது. யார் தொடங்கினார்கள் என்று கேளுங்கள். ஆதிவாசிக் குடியிருப்புப் பெண்கள், மயிலம்மா. ஒரு தேதியும் ஒரு பெயரும் வந்ததும் ‘பல’, ‘ஒரு’ எல்லாம் தானாக உதிரும். கிணற்றுத் தண்ணீர் எப்படி மாறியது என்று கேட்க அந்த ஊர்ப் பாட்டிமார்களிடமே போகலாம். போகும் முன், அவர்கள் பெயரைப் போட அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். எங்கிருந்து எடுத்தது என்று வாக்கியத்துக்குள்ளேயே சொல்லப் பழக்குங்கள்: ‘இன்ன தேதி இன்ன தினசரி சொல்வதன்படி’. அடிக்குறிப்பு வடிவமெல்லாம் முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எல்லோர் ஃபோனிலும் சாட்ஜிபிடி இருக்கிறது. தடை போட்டுப் பயனில்லை, உளவு பார்த்தும் பயனில்லை. முதல் வரைவு வகுப்பிலேயே கையால். பேச்சு நேரில். இரண்டாம் வரைவில் என்ன மாறியது, ஏன் என்று கீழே மூன்று வரி. இவ்வளவும் இருந்தால் இயந்திரத்திடம் போவதைவிடத் தானே எழுதுவது சுலபம் என்று ஆகிவிடும். தவிர, இயந்திரம் எழுதும் தமிழ் அந்தப் பழைய கைடு நடையைத்தான் பெரும்பாலும் ஒத்திருக்கிறது. ஒரு தடவை வகுப்பில் போட்டுக் காட்டி ‘ஆகும்’களை எண்ணச் சொல்லுங்கள், சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

இன்டர்னல் மார்க்கைப் பொறுத்தவரை, விதி அனுமதிக்கும் அளவுக்கு, கடைசி வரைவுக்கு மட்டும் போடாமல் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள தூரத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். அதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் தகுதி, உங்கள் பின்னணி

சித்தூர் அரசுக் கல்லூரி 1947இல் தொடங்கியது; அங்கே தமிழில் முதுகலை வரை இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பட்டதாரிகளில் பலர் அங்கேயோ, எல்லை தாண்டிக் கோவையிலோ படித்தவர்கள். வேலை என்று வரும்போது எல்லை குறுக்கே நிற்கும் இடங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு யு.ஜி.சி. விதிப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் இனம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவுகளுக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது மாநில அளவிலான கல்லூரிச் செட் தேர்ச்சி. நெட்டில் தமிழுக்குப் பாட எண் 26. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

‘செட்’ என்ற பெயரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டு செட் கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு. கேரள செட் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணிக்கானது. பெயர் ஒன்று, வேலை வேறு. மேலும் 2002 ஜூன் 1க்குப் பிறகு ஒரு மாநிலத்தில் எழுதிய கல்லூரிச் செட், அந்த மாநிலக் கல்லூரிகளுக்கு மட்டும்தான் செல்லும். கோவையில் படித்து, தமிழ்நாட்டு செட் தேறி, எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தால் அந்தச் சான்று உதவாது. இரு பக்கமும் வேலை தேடுகிறவர்கள் நெட்டையே குறிவையுங்கள்.

கேரள அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணி அரசுப் பணித் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) வழியாக. கெஸ்ட் பணிக்குக் கல்லூரிக் கல்வித் துறையின் மண்டல துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பாலக்காட்டுக்காரர்களுக்கு அது திருச்சூர். பதிவை முடித்துவிட்டு, மே, ஜூன் மாதங்களில் கல்லூரிகள் வெளியிடும் நேர்காணல் அறிவிப்புகளைக் கவனியுங்கள். வேறு மாநிலப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் சமநிலைச் சான்று கேட்கக்கூடும். அது கைக்கு வர நாளாகும், முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்து, ‘என் கற்பிக்கும் முறை’ என்று ஒரு பக்கம். தனியார் கல்லூரிகளும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைகளும் கேட்கும். பெரும்பாலோர் இப்படித் தொடங்குவார்கள்: ‘மாணவர்களின் ஆளுமையை வளர்த்து, படைப்பாற்றலை மேம்படுத்துவதே என் நோக்கம்.’ மாணவியின் ‘பல்வேறு இன்னல்க’ளுக்கு நாம் போட்ட கோட்டை இதற்கும் போட வேண்டும். அதற்குப் பதில் ஒரு வகுப்பைக் காட்டுங்கள்: ‘முதல் வரைவில் நான் பிழை திருத்துவதில்லை. தாளுக்கு இரண்டு கேள்வி எழுதுவேன். மலையாள மீடியத்து மாணவர்களுக்கு வினைமுற்று விகுதியைத் தனியாக எடுப்பேன், ஏனென்றால்...’ படிப்பவருக்கு உங்கள் அறை கண்ணில் தெரிய வேண்டும்.

பின்னணி என்ற பகுதியில் பட்டங்களை வரிசையாக அடுக்குவதோடு நிற்காதீர்கள். டியூஷன் எடுத்தது, நாளிதழுக்குச் செய்தி அனுப்பியது, மொழிபெயர்த்தது, ஊர் நூலகத்தில் வாசிப்புக் கூட்டம் நடத்தியது, எல்லாம் எழுத்தோடு உங்களுக்குள்ள உறவைச் சொல்லும். இரு மொழியும் எழுதப் படிக்கத் தெரியும் என்றால் முதல் வரியிலேயே போடுங்கள். இந்தப் பக்கத்து வகுப்புக்கு அது முனைவர் பட்டத்துக்குக் குறைந்த தகுதியல்ல. நீங்கள் தொடர்ந்து எழுதுகிறவரா என்பதும் கேள்விதான். மாணவர்கள் எழுதும் இருபது நிமிடமும் நீங்களும் அதே பயிற்சியை எழுதி, அடித்ததும் திருத்தியதுமாக அவர்களிடம் காட்டுகிறீர்கள் என்றால், அதை அந்தப் பக்கத்தில் சொல்லுங்கள்.

நேர்காணலுக்கு அசல் சான்றிதழ்கள், இரண்டு செட் நகல், பதிவு எண் எல்லாம் ஒரு ஃபைலில். இன்னொரு ஃபைலில் ஒரே மாணவரின் மூன்று வரைவுகள், உங்கள் கேள்விகளோடு. மாணவரிடம் கேட்டு, பெயரை மறைத்துக் கொண்டுபோங்கள். ‘நீங்க எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?’ என்ற கேள்வி வரும்போது வாயால் பதில் சொல்வதற்கு முன் அந்த மூன்று தாளையும் வரிசையாக மேஜை மேல் வையுங்கள். முதல் தாளை அவர்களே படித்து முடிக்கும் வரை பேசாதீர்கள்.